அணு ஆயுத ஒழிப்பு இளையோர் வலையமைப்பு: தளர்கூட்டா, தாய் அமைப்பின் நிழலா, சொந்தப் பதிவா?

ஒன்பது பத்து நாடுகளைச் சேர்ந்த பன்னிரண்டு மாணவர் குழுக்கள் அணு ஆயுத ஒழிப்புக்காகச் சேர்ந்து இயங்குவதென்று முடிவெடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெயர் கிடைத்துவிடும், சின்னம் கிடைத்துவிடும், வாட்ஸ்அப் குழுவில் உற்சாகத்துக்கும் குறைவிருக்காது. ஒரு மாதம் போனதும் வேறொரு கேள்வி வந்து நிற்கும். வங்கியிலும் விசா அலுவலகத்திலும் ஐ.நா. வாசலிலும் "நீங்கள் யார்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

வழிகள் மூன்று. எங்கும் பதியாமல் தளர்கூட்டாகவே இருப்பது ஒன்று. ஏற்கெனவே பதிவும் கணக்கும் உள்ள பெரிய அமைப்பொன்றின் கீழ் இயங்குவது இரண்டாவது. சொந்தமாகச் சங்கம் பதிந்துகொள்வது மூன்றாவது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பன்னிரண்டு பதினைந்து குழுக்கள் உள்ள, சம்பளம் வாங்கும் ஆள் இல்லாத வலையமைப்புக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் அதற்கு எழுத்தில் உடன்பாடு வேண்டும். அது இல்லையென்றால் மூன்றிலும் மோசமானது அதுவே.

இதைச் செலவு, சுதந்திரம் என்ற இரண்டை மட்டும் வைத்துத் தீர்மானிப்பவர்கள் அதிகம். அவற்றைவிடப் பெரிய கணக்கு காலண்டரில் இருக்கிறது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், அதாவது என்.பி.டி., ஐந்தாண்டுச் சுற்றில் ஓடுகிறது; சுற்றின் முடிவில் உறுப்பு நாடுகள் கூடி ஒப்பந்தத்தை அலசுவதே மறுஆய்வு மாநாடு. மறுஆய்வு மாநாட்டுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கொரு ஆயத்தக் கூட்டம்: 2023இல் வியன்னா, 2024இல் ஜெனீவா, 2025இல் நியூயார்க். மறுஆய்வு மாநாடு 2026 ஏப்ரல் 27 முதல் மே 22 வரை நியூயார்க்கில் என்று குறிக்கப்பட்டது. மாணவர் ஒருவர் இந்த வேலையில் உருப்படியாக இருக்கும் காலம் இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று. முதுகலை முடியும், வேலை கிடைக்கும், ஊர் மாறும். ஆக, வியன்னா கூட்டத்தில் அறிக்கை வாசித்தவர் நியூயார்க் மாநாட்டின்போது வலையமைப்பிலேயே இருக்கமாட்டார். எந்த வழியைத் தேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று இருப்பவர்கள் எல்லாரும் போன பிறகு, மூன்றாம் ஆண்டில் கடவுச்சொல்லும் கணக்குப் புத்தகமும் யார் கையில் இருக்கும்?

தளர்கூட்டு

இதன் பலம் வேகம். ஹிரோஷிமா, நாகசாகி நினைவு நாட்களான ஆகஸ்ட் 6, 9இல் பத்து நகரங்களில் ஒரே நேரத்தில் நிகழ்ச்சி வைக்க வேண்டும், ஆயத்தக் கூட்டத்தில் வாசிக்க ஒரு கூட்டறிக்கை தயாரிக்க வேண்டும் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஐரோப்பாவில் பணம்கூடக் கொஞ்சம் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வி, இளையோர் நிதித் திட்டமான எராஸ்மஸ் பிளஸில், 13 முதல் 30 வயதுக்குள் குறைந்தது நான்கு பேர் கொண்ட பதியாத இளையோர் குழுவும் சில வகை நல்கைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

இடறும் இடம் எல்லை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து, குறைந்தது 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. முடிவு வழக்கமாக 15 நாளில் வரும். சிக்கலான விண்ணப்பம் 45 நாள் வரை இழுக்கலாம். இந்தத் தாள்களோடு போகும் அழைப்புக் கடிதத்தில் பதிவு எண்ணும் முகவரியும் கையெழுத்திடும் அதிகாரமுள்ள ஒருவரின் பெயரும் இல்லையென்றால், தூதரகத்தில் அதற்குக் கனம் இருக்காது. ஜெர்மன் மாணவருக்கு இந்தக் கவலையே கிடையாது, ரயில் ஏறிவிடுவார். நைஜீரிய மாணவருக்கும் பாகிஸ்தான் மாணவருக்கும் அந்தக் கடிதம்தான் எல்லாம். பதிவில்லாத வலையமைப்பு இரண்டே ஆண்டில் ஐரோப்பியர்களின் வலையமைப்பாகச் சுருங்கிப்போவதற்குக் கொள்கைக் காரணம் எதுவும் தேவையில்லை, இது போதும்.

இரண்டாவது இடறல் பணம். கூட்டின் பணம் ஒரு தனிநபரின் கணக்கில் போய் விழும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் வரி அலுவலகத்தின் பார்வையில் அது அவருடைய வருமானமாகத் தெரியலாம். அவர் விலகும் நாளில் கணக்கும் அவரோடு போகும். இணையதளப் பெயர் அவருடைய கடன் அட்டையில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அட்டை காலாவதியானால் தளமும் போச்சு. வலையமைப்புகள் கொள்கைச் சண்டையில் உடைவதைவிட இப்படிச் சத்தமில்லாமல் அணைவதே அதிகம்.

தாய் அமைப்பின் கீழ்

இந்தத் துறையில் பழைய, சோதித்துப் பார்க்கப்பட்ட வழி இது. 1957இல் தொடங்கிய பக்வாஷ் விஞ்ஞானிகள் இயக்கத்தோடு சேர்ந்து அதன் மாணவர், இளையோர் அமைப்பு இயங்குகிறது. 1980இல் உருவாகி 1985இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற அணுப்போர்த் தடுப்புக்கான மருத்துவர்கள் அமைப்பில் மருத்துவ மாணவர்களுக்கென்று சர்வதேசப் பிரதிநிதிகள் உண்டு. ஐகேன் என்று அறியப்படும் அணு ஆயுத ஒழிப்புக் கூட்டணி 2007இல் ஆஸ்திரேலியாவில் இந்த மருத்துவர் அமைப்பின் மடியில்தான் பிறந்தது. பிறகு தனியாக வளர்ந்து 2017இல் நோபல் பரிசு பெற்றது. தாய் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் தனிக்குடித்தனம் போவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது.

கிடைப்பது என்ன? வங்கிக் கணக்கு, தணிக்கை, அழைப்புக் கடிதம், காப்பீடு. முக்கியமாக நுழைவு. என்.பி.டி. கூட்டங்களுக்கும், அணு ஆயுதங்களை முற்றாகத் தடை செய்யும் தனி ஒப்பந்தமான அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் கூட்டங்களுக்கும், ஐ.நா. பொருளாதார சமூக மன்றம் அரசுசாரா அமைப்புகளுக்குத் தரும் ஆலோசனைத் தகுதி என்ற அங்கீகாரம் இல்லாத அமைப்பும் அந்தந்தக் கூட்டத்துக்கு மட்டும் அனுமதி கேட்கலாம். ஆனால் கேட்பது ஓர் அமைப்பாக இருக்க வேண்டும். என்ன வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். கெடு தேதிக்குள் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். தாய் அமைப்புக்கு இது ஆண்டுதோறும் பழகிய வேலை.

கொடுப்பது என்ன? நிர்வாகப் பங்காகப் பெரும்பாலும் நல்கையில் 5 முதல் 15 விழுக்காடு. ஆண்டுக்கு 20,000 யூரோ கையாளும் வலையமைப்பில் 10 விழுக்காடு என்றால் 2,000 யூரோ. சொந்தமாகத் தணிக்கையாளரும் வங்கியும் காப்பீடும் வைத்துக்கொண்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மலிவு. எனவே பேரம் பேச வேண்டிய இடம் விழுக்காடு அல்ல. பேச வேண்டியவை வேறு. இவற்றைப் பணம் வருவதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டும்.

முதலாவது, குரல். தாய் அமைப்புக்கு ஒரு நிலைப்பாடு இருக்கும். 2017 ஜூலை 7 அன்று 122 நாடுகள் வாக்களித்து நிறைவேற்றிய தடை ஒப்பந்தத்தை அது முழுமூச்சாக ஆதரிக்கலாம். உங்கள் வலையமைப்பிலோ நேட்டோ நாட்டு மாணவர்கள் சிலர் என்.பி.டி.க்குள்ளேயே படிப்படியாகப் போகலாம் என்பார்கள். அறிக்கையின் கடைசி வரைவைத் தாய் அமைப்பின் இயக்குநர் திருத்துவாரா, பார்ப்பாரா, அறிந்துகொள்வதோடு சரியா? மூன்றில் எது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, நுழைவு அட்டை. எண்ணிக்கை குறைவாகக் கிடைக்கும் ஆண்டில் அமைப்பின் சொந்த ஊழியர்கள்தான் முதலில் போவார்கள், இளையோர் இணையவழி பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். குறைந்தபட்சம் இத்தனை இடம் என்று எண் போடுங்கள்.

மூன்றாவது, பணம் எப்போது வரும் என்பது. "செலவு செய்துவிட்டு ரசீது அனுப்புங்கள், அறுபது நாளில் தருகிறோம்" என்பது ஊழியர்களுக்கான விதி. மாணவரால் 800 யூரோ விமானச் சீட்டை முன்பணமாகப் போட முடியாது. சீட்டை அமைப்பே நேரடியாக எடுக்க வேண்டும். அன்றாடப்படி பயணத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டும்.

நான்காவது, பிரிவு. பெயர், சின்னம், தளம், முகவரிப் பட்டியல் ஆகியவை யாருடையவை? 90 நாள் அறிவிப்பில் மீதிப் பணத்தோடு வெளியேறலாமா? இதைக் கேட்கச் சங்கடப்படுவார்கள். மாமியார் வீட்டுக்குப் போகும்முன் சீர்வரிசைப் பட்டியல் எழுதுகிற மாதிரிதான். அன்று எழுதாதது பிறகு எழுதப்படுவதே இல்லை.

தாய் அமைப்பே ஆட்டம் காணலாம் என்பதையும் மறக்கக்கூடாது. இந்தத் துறைக்குப் பெருந்தொகை கொடுத்துவந்த அமெரிக்காவின் மெக்ஆர்தர் அறக்கட்டளை, அணுசக்திச் சவால்களுக்கான நல்கைகளை நிறுத்தப்போவதாக 2021இல் அறிவித்தது. அதை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. தாய் அமைப்பைத் தேரும்போது அதன் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறதென்றால் இன்னொரு வீடு பாருங்கள்.

சொந்தப் பதிவு

பதிவு செய்வது கடினம் என்ற எண்ணம் தவறு. சுவிட்சர்லாந்தில் குடிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி, எழுத்தில் விதிகள் இருந்தால் சங்கம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாகிவிடுகிறது. ஆஸ்திரியாவில் 2002ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி விதிகளை அதிகாரியிடம் கொடுத்தால் போதும். அவர் நான்கு வாரத்துக்குள் தடை சொல்லாவிட்டால் இயங்கலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது இருவர், கணக்கு பார்க்க இருவர் வேண்டும். ஜெர்மனியில் பதிவுச் சங்கத்துக்கு ஏழு பேர் தேவை. வியன்னா, ஜெனீவா இரண்டும் கூட்டம் நடக்கும் நகரங்கள் என்பதால் முதல் இரண்டு நாடுகளும் இயல்பான தேர்வு.

கடினம் பதிந்த மறுநாள் தொடங்குகிறது. ஆஸ்திரியாவில் பொறுப்பாளர் மாறினால் நான்கு வாரத்துக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வங்கி, கையெழுத்துப் போடுபவர் நேரில் வரவேண்டும் என்னும். தலைவர் மாணவர் விசாவில் வியன்னாவில் இருந்த கொலம்பியர், பொருளாளர் இப்போது டோக்கியோவில் என்றால் யார் போவது? சுவிட்சர்லாந்தில் 2023 முதல், அறப்பணிக்காக வெளிநாட்டில் பணம் திரட்டுவதையோ பகிர்வதையோ முதன்மை வேலையாகக் கொண்ட சங்கங்கள் வணிகப் பதிவேட்டில் பதிய வேண்டும். சிறியவற்றுக்கு விலக்குண்டு, ஆனால் அந்த விலக்குக்கு நாம் பொருந்துகிறோமா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டுமே.

"பதிந்தால் ஐ.நா. ஆலோசனைத் தகுதி வாங்கலாம்" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கணக்கைப் பாருங்கள். அமைப்பு பதிவாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பக் கெடு ஜூன் 1. அதை 19 நாடுகள் கொண்ட குழு எடுத்துக்கொள்வது அடுத்த ஆண்டில். 2026 செப்டம்பரில் பதிந்தால் விண்ணப்பம் 2029 ஜூனில், பரிசீலனை 2030இல். குழுவில் ஏதாவது ஒரு நாடு ஒரு கேள்வி கேட்டால் அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும். அணு ஆயுத நாடுகளும் உட்காரும் குழுவில் கேள்விக்குப் பஞ்சம் வராது. அத்தனை காலம் காத்திருந்தபின் பதிந்தவர்கள் யாரும் மாணவர்களாக இருக்கப்போவதில்லை.

இந்தியாவில் பதிந்து அங்கிருந்து பிற நாடுகளுக்குப் பணம் பகிரலாமா என்ற யோசனையும் எழும். முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம், வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கோ நபருக்கோ கைமாற்றுவதைத் தடை செய்கிறது. பணம் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்தியக் குழுக்கள் உறுப்பாக இருக்கலாம், கருவூலமாக இருக்க முடியாது.

ரஷ்ய உறுப்பினர்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வெளிநாட்டு ஆதரவு பெறுவோரைத் தனிப்பட்டியலில் வைக்கும் அந்நிய முகவர் சட்டம் அங்கே 2012 முதலும், பட்டியலிட்ட வெளிநாட்டு அமைப்போடு சேர்ந்து இயங்குவதைத் தண்டிக்கும் விரும்பத்தகாத அமைப்புச் சட்டம் 2015 முதலும் உள்ளன. வடக்கே அணுக்கழிவு விவகாரங்களில் பல்லாண்டு உழைத்த நார்வேயின் பெலோனா அமைப்பு 2023இல் அந்த இரண்டாவது பட்டியலில் சேர்க்கப்பட்டது. பதிந்த சங்கமென்றால் உறுப்பினர் பட்டியல் என்று ஒன்று இருக்கும். அதில் அவர்கள் பெயர் இருப்பது உதவியா ஆபத்தா என்பதை அவர்களே சொல்லட்டும். தளர்கூட்டுக்கு இங்கே ஓர் உண்மையான அனுகூலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்த வழியானாலும் தப்பமுடியாத வேலைகள்

மாதாந்திரக் கூட்ட நேரம் சின்ன விஷயமாகத் தோன்றும். யார் வலையமைப்பு இது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எல்லாரும் முதலில் தொடுவது உலக நேரம் (UTC) 13:00. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 6:30, வியன்னாவில் கோடையில் பிற்பகல் 3, நியூயார்க்கில் காலை 9, டோக்கியோவில் இரவு 10. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபிஜியிலும் மார்ஷல் தீவுகளிலும் அது நள்ளிரவு 1 மணி; பிரெஞ்சு பாலினேசியாவில் விடியற்காலை 3. மார்ஷல் தீவுகள் 1946 முதல் 1958 வரை 67 அமெரிக்க அணுச் சோதனைகளையும், பிரெஞ்சு பாலினேசியா 193 பிரெஞ்சுச் சோதனைகளையும் தாங்கியவை. இவர்களைத் தூங்கவிட்டுவிட்டு, பாதிக்கப்பட்டோர் பற்றி அறிக்கை எழுதுவது அபத்தம். ஒரு மாதம் 13:00, மறுமாதம் 21:00 என்று மாற்றி வைக்க வேண்டும். இரண்டாவது நேரத்தில் ஃபிஜியில் காலை 9. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதிகாலை 2:30. இரண்டிலும் ஒரே நிகழ்ச்சி நிரல் ஓட வேண்டும்; இரண்டும் முடியும்வரை எந்த முடிவும் உறுதியாகக்கூடாது.

நேரத்தை எப்போதும் உலக நேரத்தில் எழுதுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகின்றன. நடுவிலுள்ள இரண்டு மூன்று வாரங்களில் பாதிப் பேர் ஒரு மணி நேரம் தவறி வருவார்கள், ஆண்டு தவறாமல்.

ஒருங்கிணைப்பாளர் ஒருவர் போதாது. இருவர், வெவ்வேறு கண்டத்தவர். பதவிக்காலம் 18 மாதம், இருவரும் 9 மாத இடைவெளியில் மாற வேண்டும். அப்போது எந்த நேரத்திலும் ஒருவராவது பழையவர். மின்னஞ்சலும் கோப்புகளும் பதவியின் பெயரில் இருக்க வேண்டும், ஆளின் பெயரில் அல்ல. பல்கலைக்கழக முகவரியில் திறந்த கணக்குப் பட்டமளிப்புக்குப் பின் மூடப்படும், உள்ளே இருக்கும் எல்லாவற்றோடும்.

கூட்டறிக்கைக்கு 72 மணி நேர மௌன விதி நன்றாக வேலை செய்யும்: வரைவு சுற்றுக்குப் போகிறது, யாரும் மறுக்காவிட்டால் நிறைவேறியது. ஆனால் வலையமைப்பின் பெயரில் வெளியிடாமல், கையெழுத்திட்ட குழுக்களின் பெயரில் வெளியிடுங்கள். சேர விரும்பாதவர், சேர முடியாதவர் இருவருக்கும் அது கௌரவமான வெளிவாசல்.

முதல் ஆண்டிலேயே ஒரு விவாதத்தைத் தீர்த்துவிட வேண்டும்: அணுமின் நிலையங்கள். என்.பி.டி.யின் நான்காம் பிரிவு அணுசக்தியின் அமைதிவழிப் பயன்பாட்டை நாடுகளின் உரிமையாக ஏற்கிறது. ஒழிப்பு இயக்கத்தில் ஒரு பெரும்பகுதியோ ஆயுதமும் மின்சாரமும் ஒரே வேரின் இரு கிளைகள் என்கிறது. கூடங்குளம் பற்றிப் பேசிப் பழகிய தமிழ்நாட்டுக் குழுவும், பொறியியல் துறையிலிருந்து வந்த கொரியக் குழுவும் இதில் ஒத்துப்போக வாய்ப்பில்லை. வலையமைப்பு ஆயுதம் பற்றி மட்டுமே பேசும், மின்சாரம் பற்றி உறுப்புக் குழுக்கள் தம் பெயரில் பேசலாம் என்று எழுதிவைத்தால் பிழைக்கலாம்.

"இளையோர்" என்றால் யார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஐ.நா. புள்ளிவிவரத்துக்கு 15 முதல் 24, பாதுகாப்பு அவையின் 2250ஆம் தீர்மானத்துக்கு 18 முதல் 29, ஆப்பிரிக்க இளையோர் சாசனத்துக்கு 15 முதல் 35. நல்கை தருபவர் எந்த வரையறையை வைத்திருக்கிறாரோ அதற்கு ஏற்பப் பங்கேற்பாளர் பட்டியல் மாறும். 18க்குக் கீழ் ஒருவர் வந்தாலும் பெற்றோர் சம்மதம், உடன் செல்பவர், தனி விதிகள் என்று வேலை இரட்டிப்பாகும்.

யாரை எங்கே அனுப்புவது

இங்கேதான் நாடுவாரியாக யோசிக்க வேண்டும். இலங்கை 2023 ஜூலையில் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. செப்டம்பரில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. எனவே யாழ்ப்பாண மாணவர் ஒருவர் தடை ஒப்பந்தக் கூட்டத்தில் தம் நாட்டுத் தூதுக்குழுவை உறுப்புநாடாகவே சந்தித்துக் கேள்வி கேட்கலாம். 1995இல் என்.பி.டி.யைக் காலவரையின்றி நீட்டித்த மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஜயந்த தனபாலவும், 1996இல் சர்வதேச நீதிமன்றத்தில் அணு ஆயுதப் பயன்பாடு எச்சூழலிலும் சட்டவிரோதம் என்று மாற்றுக்கருத்து எழுதிய நீதிபதி வீரமந்திரியும் அந்த நாட்டினர் என்பது பேச்சைத் தொடங்கவும் உதவும்.

மதுரை மாணவரின் நிலை வேறு. இந்தியா என்.பி.டி.யிலும் இல்லை, தடை ஒப்பந்தத்திலும் இல்லை. அந்தக் கூட்டங்களில் அவர் வற்புறுத்த வேண்டிய தூதுக்குழு அறைக்குள் இருக்காது. அவருக்குச் செலவிடும் பயணப்பணம் அக்டோபரில் நியூயார்க்கில் கூடும், ஆயுதக் களைவு பற்றிப் பேசும் ஐ.நா. பொதுப்பேரவையின் முதற்குழுவுக்குப் போனால் பயன் அதிகம். இந்தியா அங்கே தீர்மானமே கொண்டுவருகிறது. 1915இல் தோன்றிய பெண்கள் அமைதி, சுதந்திர லீக்கின் ஆயுதக் களைவுப் பிரிவுதான் பல ஆண்டுகளாக அங்கே சிவில் சமூக நுழைவை ஒருங்கிணைத்து வருகிறது. கோடையிலேயே கேட்டுவைக்க வேண்டும். அமெரிக்க விசா நேர்காணலுக்கு இந்தியாவில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால் பெயரை ஆறேழு மாதம் முன்பே முடிவுசெய்யுங்கள், மாற்று ஆள் ஒருவரோடு.

ஐ.நா.வின் சொந்த இளையோர் திட்டங்கள் பற்றி இரண்டு வரி. சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பின் இளையோர் குழு 2016இல் தொடங்கியது; ஐ.நா. ஆயுதக் களைவு அலுவலகத்தின் இளையோர் முயற்சி 2019இல், அதே ஆண்டு பொதுப்பேரவை தென்கொரியா முன்வைத்த இளையோர் தீர்மானத்தையும் ஏற்றது. பயிற்சி நன்றாக இருக்கும், அறிமுகங்கள் கிடைக்கும். ஆனால் சேர்வது தனிநபர்தான், குழு அல்ல. ஐ.நா.வின் பெயரோடு ஒரு குறிப்பிட்ட நாட்டைச் சாடும் அறிக்கையும் விட முடியாது. உங்கள் உறுப்பினர்களை அங்கே படிக்க அனுப்புங்கள். வலையமைப்பை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

தாய் அமைப்பிலிருந்து சொந்தப் பதிவுக்கு எப்போது மாறலாம்? மூன்றும் சேர்ந்து வரும்போது: குறைந்தது இரண்டு ஆண்டுக்கு உறுதியான பணம், பாதிநேரமாவது சம்பளம் வாங்கும் ஓர் ஆள், பதியும் நகரத்திலேயே நிரந்தரமாக வசிக்கும் இரண்டு பேர். மறுஆய்வு மாநாடு நடக்கும் ஆண்டில் மட்டும் மாறாதீர்கள். அந்த ஆண்டில் நுழைவுப் பட்டியலும் விசாக் கடிதங்களும் பழைய பெயரில்தான் போயிருக்கும். மாநாடு முடிந்து, அடுத்த சுற்றின் முதல் ஆயத்தக் கூட்டத்துக்கு முன்னுள்ள இடைவெளியே அதற்கு ஏற்ற காலம்.